எட்டு ஏழு எட்டு ஏழு

கோயிலில் அவளை எல்லாரும் ஸ்லைடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். போதகர் ஒருமுறை அறிவிப்பு வாசிக்கும்போது வாய்தவறி, "நம்முடைய ஸ்லைடு அக்காவுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேருக்கு ஞானஸ்நானமே ஆகிவிட்டது.

வார நாட்களில் அவள் என் கடை ஆள். நான் நடத்துவது துணி மாற்றித் தைக்கிற கடை. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான் நம் ராஜ்யம். பதினோரு வருடமாக இருக்கிறாள். கை சுத்தம், தையல் சுத்தம். ஆனால் ஒரே ஒரு பைத்தியம் உண்டு. தைத்து முடித்த துணியை ஆள் பேரைப் பார்த்து மாட்டமாட்டாள், அளவைப் பார்த்து மாட்டுவாள். முப்பது இடுப்பெல்லாம் ஒரு கம்பி, முப்பத்திரண்டெல்லாம் இன்னொரு கம்பி. வாடிக்கையாளர் வந்து பேரைச் சொன்னால் நான் கம்பி கம்பியாகப் போய் முழிக்க வேண்டும்.

"ஏம்மா, பேரைப் பாத்து மாட்டினா கொறஞ்சா போயிடுவே?"

"ஒரே பேருல பத்து பேரு வர்றாங்க அண்ணே."

"ஆமா, முப்பத்திரண்டு இடுப்பு மட்டும் ஊருல ஒருத்தருக்குத்தான் இருக்கு!"

"அது இல்ல அண்ணே. தப்பா எடுத்துக் குடுத்தாலும் அவருக்குப் பொருந்தும்ல?"

இப்படிப் பேசுகிறவளிடம் வாயைக் கொடுப்பது என் தப்புதான். உண்மையாகவே ஒருவர் இன்னொருவர் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போய், இதுதான் எனக்கு நன்றாக இருக்கிறது என்று திருப்பித் தரமாட்டேன் என்றார். அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இவளுக்குப் பாட வராது. வராது என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் வாழ்க்கைப்பட்டது பாட்டு வீட்டில். மாமியார் எங்கள் கோயிலில் முப்பத்தோரு வருடமாக ஆர்கன் வாசிப்பவர். மாமனார் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர், காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் வாசிப்பான். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு இவள் வாய் திறந்து பாடியிருக்கிறாள். மாமியார் ஆர்கனில் ஏதோ குழாய் பழுதாகிவிட்டது என்று நினைத்து, மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் வேறு மாமியாராக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். இவர் மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ராகத்தை நான் பாத்துக்கறேன், வார்த்தையை நீ பாத்துக்கோ" என்று பாட்டுத் தாள்களை அடுக்கித் தரும் வேலையைக் கொடுத்தார். இவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது தலைக்குக் குளிப்பாட்டி விட்டதும் அந்த அம்மாதான். பெற்ற தாயைப் பற்றிக்கூட இவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடையில் வாயைத் திறந்தால் அத்தை, அத்தை, அத்தை.

கோயிலுக்கு புரொஜெக்டர் வந்ததும், வார்த்தையைப் பார்த்துக்கொண்டவளே திரையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. பழைய ஞானப்பாட்டுகள், புதுப் பாட்டுகள் என்று அறுநூற்றுச் சொச்சம் பாட்டையும் என் கடைக் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒரு வருடமாகத் தட்டினாள். தட்டி முடித்துவிட்டு அடுக்கினாள் பாருங்கள், அங்கேதான் புத்தியைக் காட்டினாள். பழசு, புதுசு என்று பிரிக்கவில்லை. முதலடியை வைத்தும் பிரிக்கவில்லை. அளவை வைத்துப் பிரித்தாள்.

"பாட்டுக்கு என்னம்மா அளவு? இடுப்பா, நீளமா?"

"ராகம் எனக்குப் பிடிபடாதுல்ல அண்ணே. அதனால எண்ணிக்கிட்டே இருப்பேன். புள்ளி வச்ச எழுத்தை விட்டுட்டு எண்ணணும். இதைப் பாருங்க." விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "இருளில் நடந்து வந்தோம். எட்டு. உம் கைப் பிடியை விடோம். ஏழு. மறுபடி எட்டு, மறுபடி ஏழு. இது எட்டு ஏழு எட்டு ஏழு ஃபோல்டர்."

நானும் விரலை மடக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அந்த ஃபோல்டருக்குள் நூறு வருடத்துப் பாட்டும் போன மாதத்துப் பாட்டும் ஒன்றோடொன்று கலந்து, அவள் தட்டிய வரிசையில் நம்பர் போட்டுக் கிடந்தன. அவளைத் தவிர வேறு யார் தேடினாலும் ஒரு பாட்டும் கிடைக்காது. கோயிலில் அவளுக்கு மாற்று ஆளே வராமல் போனதற்கு இதுதான் காரணம்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கோயிலில் இரண்டு ஆராதனை. காலை ஏழரைக்கு ஆர்கனும் பழைய பாட்டும். ஒன்பதரைக்கு டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு, புதுப் பாட்டு. ஏழரைக்காரர்கள் வெளியே போகும்போது ஒன்பதரைக்காரர்கள் உள்ளே வருவார்கள். வாசலில் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அதற்குமேல் சேர்ந்து இருந்தால் ஆபத்து என்று இரண்டு கட்சிக்கும் தெரியும். நான் ஏழரைக் கட்சி. ஆனால் ஒன்பதரை வரை டீக்கு நின்றால் என் கால் தானாகத் தாளம் போடும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் எங்கள் போதகருக்கு இன்னொரு கோயிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் இங்கே ஒரு ஆராதனை முடித்துவிட்டு அங்கே ஓட வேண்டும். இனிமேல் எல்லாரும் ஒன்றாக எட்டரைக்கு. வந்தது வினை.

யார் பாட்டைப் பாடுவது? கமிட்டி மூன்று கூட்டம் போட்டது. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவானது. பிரசங்கத்துக்கு முன்னால் மூன்று பழைய பாட்டு, பின்னால் மூன்று புதுப் பாட்டு. ஆர்கனுக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ். ஒரு கால் கோடு போட்ட துணி, ஒரு கால் கட்டம் போட்ட துணி என்று பேன்ட் தைத்த மாதிரி எனக்குப் பட்டது. சொன்னேன். கமிட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

ஸ்லைடு அக்காவின் மாமியார் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொல்லிவிட்டார்: "அந்தத் தகர டப்பா பக்கத்துல உக்காந்து என்னால வாசிக்க முடியாது. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை உங்களுக்காக வாசிக்கிறேன். என் மூணு பாட்டு முடிஞ்சதும் எழுந்திருச்சு, மத்தியான ரயிலைப் பிடிச்சு தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

தகர டப்பாவை வாசிக்கிற மகன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். "போறவங்க போகட்டும்" என்று எழுந்து போனான். அன்றிலிருந்து மூன்று வாரம் தாயும் பிள்ளையும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் இவள் வழியாகத்தான்.

"அத்தை சொல்றாங்க, உன் புருஷன்கிட்டச் சொல்லு, உப்பு வேணும்னா எட்டி எடுத்துக்கச் சொல்லுன்னு. இவரு சொல்றாரு, உங்க அத்தைகிட்டச் சொல்லு, எனக்கு உப்பு வேணாம், நிம்மதி வேணும்னு. மூணு பேரும் ஒரே மேஜைல அண்ணே! நான் நடுவுல உக்காந்து தபால் குடுத்துக்கிட்டு இருக்கேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் தைத்துக்கொண்டிருந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "அத்தை போயிட்டா அந்த வீட்டுல நான் எப்படி அண்ணே இருப்பேன்?"

மாமியாரின் பெரிய பைக்கு ஜிப் அறுந்திருந்தது. அதை மாற்றச் சொல்லி இவளிடமே கொடுத்திருந்தார். நாலு நாளாக அது மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. "ஜிப் கிடைக்கல அத்தை" என்று போனில் சொன்னபோது இவள் தலைக்குப் பின்னால் நாற்பது ஜிப் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்த அம்மா நேரில் வந்து, ஜிப் தொங்குவதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை எடுத்துப் போய்க் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிறு வந்தது. கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. ஏழரைக் கட்சி முன் வரிசைகளைப் பிடித்துவிட்டது, ஒன்பதரைக் கட்சி சுவரோரம் நின்றது. நான் எப்போதும் போல கடைசி வரிசையில், ஸ்லைடு மேஜைக்குப் பக்கத்தில். மின்விசிறி அங்கேதான் நன்றாகச் சுற்றும். மேஜைக்குக் கீழே கயிறு கட்டிய பை. மாமியார் அங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தார், போகிற வழியில் எடுத்துக்கொள்ள வசதியாக.

முதல் மூன்று பாட்டையும் ஏழரைக் கட்சி பாடியது. சுவரோரம் நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கூரையை ஆராய்ந்தார்கள். பிரசங்கம் ஒற்றுமையைப் பற்றி. நான் அதில் பாதி தூங்கிவிட்டேன். முழித்தபோது டிரம்ஸ்காரன் குச்சியைக் கையில் எடுத்திருந்தான். முன்னால் பாடுகிற பெண் மைக்கைச் சரிசெய்தாள். வங்கியில் வேலை பார்க்கும் பெண், நல்ல குரல். ஆனால் ஒரு பாட்டின் வார்த்தையும் மனப்பாடம் கிடையாது. திரையில் எதைப் போட்டாலும் அதைப் பாடுவாள். இனி கூரையை ஆராய்வது ஏழரைக் கட்சியின் முறை. முன் வரிசைக் கைகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக்கொண்டன.

மாமியார் ஆர்கன் மூடியைச் சாத்தினார். சாத்திய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. எழுந்தார். நடு வழியில் எங்களைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தார்.

இவள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் அத்தை மேலேயே இருக்கிறது. அங்கே குச்சியால் நாலு தட்டித் தாளம் எடுத்துவிட்டான். போட வேண்டியது எட்டு ஏழு எட்டு ஏழு ஃபோல்டர், நம்பர் இருபத்தொன்று. இவள் திரையைப் பார்க்காமலே தட்டினாள். பன்னிரண்டைத் தட்டிவிட்டாள்.

புதுப் பாட்டின் மெட்டு அதிர்ந்துகொண்டு கிளம்புகிறது. திரையில் நிற்பது பழைய பாட்டு: இருளில் நடந்து வந்தோம், உம் கைப் பிடியை விடோம். அதுவும் எப்பேர்ப்பட்ட பாட்டு! எங்கள் கோயிலில் சவப்பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோகும்போது பாடுகிற பாட்டு. இவள் மாமனாரை அந்தப் பாட்டோடுதான் கொண்டுபோனோம்.

"ஐயோ, மாத்தும்மா, மாத்து!" என்றேன்.

இவள் கை விசைப்பலகைக்குப் போவதற்குள் வங்கிப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள். திரையில் இருந்ததை அப்படியே பாடினாள். பாட்டு நின்று தடுமாறும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தடுமாறவே இல்லை! எட்டு வந்து எட்டில் உட்கார்ந்தது. ஏழு வந்து ஏழில் உட்கார்ந்தது. ஒரு எழுத்து மீதியில்லை, ஒரு எழுத்து குறைவில்லை. முன் வரிசையில் கட்டியிருந்த கைகள் பிரிந்தன. அந்த வார்த்தை அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும். வாய் தானாகத் திறந்துவிட்டது. மெட்டு தெரிந்த சுவரோரத்துக்காரர்கள் வார்த்தைக்குத் திரையைப் பார்த்தார்கள், வார்த்தை தெரிந்த கிழவர்கள் மெட்டுக்குப் பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

இவள் மறுபடி விசைப்பலகையைத் தொடப் போனாள். "தொடாதே!" என்று நான் கத்தினேன். சற்று முன்னால் மாற்றச் சொன்னவனும் நான்தான்.

அப்போதுதான் டிரம்ஸ்காரனுக்கு என்ன பாட்டு என்று உறைத்தது. இரண்டாவது அடியில் அவன் முகம் வெளுத்தது. அப்பாவைக் கொண்டுபோன பாட்டுக்கு நான் என்ன அடி அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். குச்சி தளர்ந்தது. தாளம் சரிந்தது. நடு வழியில் அவன் அம்மா நின்றுவிட்டார். முதுகு விறைத்திருந்தது. தொலைந்தோம், இனி இந்த அம்மா நேரே ரயிலுக்குத்தான் என்று நினைத்தேன்.

அவர் திரும்பினார்.

"டேய்! நிறுத்தாதே! அடிடா!"

மூன்று வாரத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. நானூறு பேருக்கு நடுவில், ஆராதனையில், அடிடா! அவன் அடித்தான். அப்பப்பா, என்ன அடி! அந்த அம்மா அறுபத்தெட்டு வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆர்கன் மூடியைத் திறந்தார். ஒரு அடி முழுக்கச் சுருதியைத் தேடினார், கிடைத்தது, இறங்கினார். தரை அதிர்ந்தது. என் காலுக்குள் அந்த அதிர்வு ஏறியது. முழங்கால் வலி என்று ஐந்து வருடமாக உட்கார்ந்தே பாடுகிற நான் எழுந்து நின்றேன். நாலு சரணம் முடிந்ததும் யாரும் நிறுத்தவில்லை, முதலிலிருந்து இன்னொரு முறை. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைச் சட்டைக்கைக்குள் தள்ளிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆராதனை முடிந்ததும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஆர்கன் பக்கம் போய்ச் சண்டை பிடித்தார். "சாவுப் பாட்டுக்குக் கொட்டடிக்கிறதா? நீங்களுமா இப்படி?"

அந்த அம்மா பழைய பாட்டுப் புத்தகத்தை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாட்டுக்கு மேல என்ன போட்டிருக்கு, படிங்க. எட்டு, ஏழு, எட்டு, ஏழு. கணக்கு வாத்தியார்தானே? இந்த அளவுல எந்த மெட்டு இருந்தாலும் போட்டுப் பாடலாம்னுதான் அச்சடிச்சு வச்சிருக்கான். நான்தான் முப்பத்தோரு வருஷமா ஒரே மெட்டைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்க வீட்டுக்காரர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. எனக்கு இந்தப் பாட்டை வாசிக்கும்போது கொஞ்சம் வேகமா வாசி, அவ்வளவு நேரம் பெட்டியைத் தூக்கிட்டு நிக்கிறவங்களுக்குத் தோள் வலிக்கும்னு. நான் கேக்கல."

வாத்தியாருக்குச் சமாதானம் ஆகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனார். இன்னும் முணுமுணுக்கிறார்.

டிரம்ஸ்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டே அம்மாவைப் பார்க்காமல் கேட்டான். "ரயிலுக்கு நேரமாகலையா?"

"மூணாவது சரணத்துல எதுக்குடா அப்படி ஓடுறே? பின்னாடி யாராவது துரத்துறாங்களா?"

"நீங்கதான்மா இழுத்தீங்க!"

"நானா? நானா இழுத்தேன்?"

இருவரும் எகிறிக்கொண்டார்கள். நேருக்கு நேர், முகத்துக்கு முகம். இவள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வழியாகச் சொல்ல இருவருக்கும் ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கடையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

சண்டை ஓய்ந்ததும் மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். கன்னத்தைத் தொட்டார். "எனக்காகத்தானே அந்தப் பாட்டைப் போட்டே?"

நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். ஆமாம் என்று சொல்லித் தொலை, வாயைத் திறக்காதே! இந்த ஒரு பொய்யில் அத்தை வீட்டில் இருப்பார், ரயில் போய்விடும். ஆனால் இவள் யார்? அரை இஞ்ச் தப்பாகத் தைத்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் போன் போட்டுச் சொல்கிறவள்.

"இல்ல அத்தை. தப்பாத் தட்டிட்டேன். நீங்க போறதைப் பாத்துக்கிட்டே நம்பரை மாத்தி அடிச்சுட்டேன்." கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாப் பாட்டையும் அளவு பாத்துதான் ஃபோல்டர் போட்டிருக்கேன். அதனால எதைத் தட்டியிருந்தாலும் பொருந்தியிருக்கும். உங்களுக்காகன்னு எதுவும் பண்ணல. மன்னிச்சுடுங்க."

அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். சுருட்டிய வயரோடு மகன் அப்படியே நின்றான். நான் மேஜைக்குக் கீழே இருந்த பையைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அளவு பாத்தா?" என்றார் மாமியார் மெதுவாக. "பழசும் புதுசும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான் அத்தை. எனக்குத்தான் ராகம் தெரியாதே."

"அந்த எட்டு ஏழுல புதுசு எத்தனை இருக்கு?"

இவள் விரலை மடக்கி எண்ணினாள். விரல் போதாமல் உதட்டுக்குள் எண்ணினாள். "நாப்பத்தியேழு."

"வாரத்துக்கு ஒண்ணுன்னா?"

"நாப்பத்தியேழு வாரம் அத்தை."

மாமியார் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வருஷம் கிட்டத்தட்ட ஓடிடும் போல. எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடு. பெரிய எழுத்துல எழுது, எனக்குக் கண்ணு தெரியல."